நான்கு வீட்டு வரிசையின் கடைசி வீடு: 40 கன மீட்டரைத் தாண்டிய ஒரு டார்மர்

பின்னணி

லண்டனின் புறநகர்ப் பகுதி ஒன்றில் 1930களில் கட்டப்பட்ட நான்கு வீட்டு வரிசை. அதன் ஒரு முனையில் இருக்கும் மூன்று படுக்கையறை வீடு இது. செங்கல் சுவர், பழுப்பேறிய சிவப்புக் களிமண் ஓடு. வரிசையின் இரு முனைகளிலும் கூரை பக்கவாட்டிலும் சரிந்து இறங்குகிறது. இலங்கைத் தமிழ்க் குடும்பம்: கணவன், மனைவி, பதின்ம வயதில் இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து கூடவே இருக்கும் மாமியார். படிக்கவும் படுக்கவும் இடம் போதவில்லை. பெரிய வீடு வாங்கக் கடன் கிடைக்காது என்பதால், கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடமான லாஃப்ட்டில் ஒரு படுக்கையறையும் ஷவர் அறையும் எடுக்க முடிவு செய்தார்கள்.

கூரையில் இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. ஒன்று, பக்கச் சரிவை எடுத்துவிட்டு அந்தப் பக்கச் சுவரை முகடு வரை முக்கோணமாக உயர்த்துவது. ஹிப்-டு-கேபிள் என்று பில்டர்கள் சொல்வது இதைத்தான். மற்றது, பின் சரிவிலிருந்து பெட்டி போல வெளியே எழும் தட்டைக் கூரை டார்மர். முதலாவது இல்லாமல் படிக்கட்டே வராது. இத்தகைய வீடுகளில் பழைய படிக்கட்டு பக்கச் சுவரை ஒட்டியே ஏறும். புதிய படிக்கட்டை அதன் மேலேயே வைத்தால்தான் கீழே அறை எதுவும் பறிபோகாது. ஆனால் அந்த இடத்துக்கு நேர் மேலேதான் பக்கச் சரிவு தாழ்ந்து வருகிறது. படிக்கட்டுக்குத் தலைக்கு மேல் 2 மீட்டர் உயரம் வேண்டும். லாஃப்ட்டுக்கு மட்டும் கட்டட விதிகள் தரும் சலுகையில்கூட நடுவில் 1.9 மீட்டரும் ஓரத்தில் 1.8 மீட்டரும் கட்டாயம்.

விதி என்ன சொல்கிறது

இங்கிலாந்தில் சில வகைக் கட்டட வேலைகளுக்குக் கவுன்சிலிடம் தனியாகத் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெர்மிட்டட் டெவலப்மென்ட், பேச்சில் பி.டி. என்று அதைச் சொல்வார்கள். கூரை விரிவாக்கத்துக்கான விதிகள் 2015-ஆம் ஆண்டு பி.டி. ஆணையின் இரண்டாம் அட்டவணை, முதல் பகுதி, பி பிரிவில் இருக்கின்றன. ஃபிளாட்டுக்கும் மெசனெட்டுக்கும் இந்த உரிமை கிடையாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் பி பிரிவு செல்லாது. இந்த வீடு இரண்டிலும் சேராது. உரிமையைப் பறிக்கும் நான்காம் விதிக் கட்டளையும் அந்தத் தெருவுக்கு இல்லை.

பி பிரிவின் வரம்புகளில் இந்த வீட்டைத் தொட்டவை இவை. புதிய பகுதி எதுவும் பழைய முகட்டைவிட உயரக் கூடாது. தெருவைப் பார்த்த முன் சரிவுக்கு வெளியே எதுவும் நீட்டக் கூடாது. மூலக் கூரையோடு ஒப்பிட்டால் கூடும் கன அளவு, வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீட்டுக்கு 40 கன மீட்டரையும் மற்ற வீடுகளுக்கு 50 கன மீட்டரையும் தாண்டக் கூடாது. வெளியே தெரியும் பொருட்கள் வீட்டின் பழைய பொருட்களைப் போன்ற தோற்றத்தில் இருக்க வேண்டும். டார்மரின் கீழ் விளிம்பு, இறவாரத்தின் கடைசி ஓட்டு நுனியிலிருந்து கூரைச் சரிவின் வழியே அளந்து, இயன்றவரை 0.2 மீட்டருக்குக் குறையாமல் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். நீர்த்தாரையை இந்த அளவில் சேர்க்கக் கூடாது. பக்கச் சுவரில் வைக்கும் ஜன்னல் மங்கல் கண்ணாடியாக, திறக்க முடியாததாக இருக்க வேண்டும். திறக்கும் பகுதி இருந்தால் அது அறைத் தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்.

மூலக் கூரை என்பது 1948 ஜூலை 1 அன்று இருந்த கூரை. அதற்குப் பின் கட்டிய வீடென்றால் கட்டி முடித்தபோது இருந்தது. நடுவில் யார் கூட்டிக் கட்டியிருந்தாலும் அந்தக் கன அளவும் இதே 40-க்குள் கணக்காகும். இந்த வீட்டில் முன்பு யாரும் கூரையைத் தொடவில்லை.

வரைபடத்தில் விழுந்த பிழை

ஏற்பாடு 2024 வசந்தத்தில் பில்டர் மூலமாகவே தொடங்கியது. பில்டரும் தமிழர்தான். பிளானிங் தேவையா என்று வீட்டுக்காரர் கேட்டபோது வந்த பதில்: “அண்ணை, இது பி.டி. தான். பக்கத்து ரோட்டில நாலு வீட்டுக்கு இப்பிடித்தான் செய்தனாங்கள். ஒண்டும் வராது.”

பக்கத்துத் தெருவில் அவர் செய்தவை செமி வீடுகள், அதாவது இரண்டிரண்டாக ஒட்டி நிற்பவை. அவற்றுக்கு வரம்பு 50. இந்த வீட்டின் வரைபடத்திலும் மூலையில் ‘செமி-டிடாச்ட், வரம்பு 50 கன மீட்டர்’ என்றே எழுதியிருந்தது. வரைந்தவர் சோம்பலில் எழுதியதல்ல. அந்த வரிசையின் தோற்றம் அப்படி. நான்கு வீடுகளின் நடுவே, தரைமட்டத்தில், பின்தோட்டத்துக்குப் போகும் வளைவு வாசல் கொண்ட நடைபாதை ஒன்று இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று இரண்டு ஜோடி வீடுகள் போலவே தெரியும். தலையைத் தூக்கி மேல்மாடியைப் பார்த்தால்தான் தெரியும்: நடைபாதைக்கு மேலே நடு வீடுகள் இரண்டும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன, கூரை ஒரே நீளமாக ஓடுகிறது.

ஆணையில் டெரஸ் வீட்டுக்கு வரையறை உண்டு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளின் வரிசையில், இருபுறமும் அடுத்த வீட்டோடு சுவரைப் பகிரும் வீடு டெரஸ். வரிசையின் முனையில் இருந்து, அப்படிப்பட்ட வீடு ஒன்றோடு சுவரைப் பகிர்ந்தால் அதுவும் டெரஸ்தான். ஆகவே இந்த வீட்டுக்கு 40.

இந்தப் பிழையைப் பிடித்திருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: எல்.டி.சி. எனப்படும் சட்டப்பூர்வத் தன்மைச் சான்றிதழ். 1990-ஆம் ஆண்டு திட்டமிடல் சட்டத்தின் 192-ஆம் பிரிவின்படி, தொடங்கப்போகும் வேலை பி.டி.க்குள் வருகிறதா என்று கவுன்சில் பார்த்து எழுத்தில் தருவது. வழக்கமான வீட்டு விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான்: அப்போது 129 பவுண்டு, 2025 ஏப்ரல் 1 அன்று 264 ஆனது. எட்டு வாரத்தில் முடிவு. இது கட்டாயம் இல்லை என்பதால் குடும்பம் எடுக்கவில்லை.

கட்டட விதிகளின் பக்கம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. தனியார் பில்டிங் கண்ட்ரோல் நிறுவனம் பதிவானது, பொறியாளர் ஸ்டீல் பீம் கணக்குத் தந்தார், பொதுச் சுவரில் பீம் செருகுவதற்காக அடுத்த வீட்டுக்கு 1996 பொதுச் சுவர் சட்டத்தின்படி இரண்டு மாத அறிவிப்பும் போனது. இவ்வளவு காகிதம் கையில் இருந்ததால்தான் எல்லாம் முடிந்தது என்று குடும்பம் நம்பியது. பில்டிங் கண்ட்ரோல் பார்ப்பது கட்டடம் நிற்குமா, தீயில் தப்பலாமா, குளிர் தாங்குமா என்பதை. கன அளவையோ ஓட்டின் நிறத்தையோ அவர்கள் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. தமிழ் வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் குழப்பம் இது.

புகார் வந்த வழி

ஆகஸ்ட் 2024-இல் வேலை தொடங்கியது. அக்டோபர் கடைசியில் கூரை மூடியாகிவிட்டது. டார்மரின் முகமும் கன்னங்களும் (பக்கச் சுவர்களும்) அடர் சாம்பல் நிறப் பலகையால் மூடப்பட்டன. புதிய முக்கோணச் சுவரில், படிக்கட்டு மேல்தளத்துக்கு வெளிச்சம் வர, 600-க்கு 900 மி.மீ. அளவில் தெளிந்த கண்ணாடி ஜன்னல் ஒன்று வைத்தார்கள். கீல் பக்கவாட்டில், முழுதாகத் திறக்கும்.

புகார் அந்த ஜன்னலிலிருந்துதான் வந்தது. சந்துக்கு அப்பால் தனியாக வாழும் மூதாட்டியின் சமையலறை மேசை, அந்த ஜன்னலில் நின்றால் நேரே கீழே தெரிகிறது. வேலையாட்கள் அங்கே நின்று தேநீர் குடித்ததை அவர் பார்த்திருக்கிறார். முதலில் வந்து வீட்டுக்காரரிடம்தான் சொன்னார். வேலை முடிந்ததும் திரை போடுகிறோம் என்று பதில் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து அவர் கவுன்சிலுக்கு எழுதினார். அன்றே கண்ணாடியை மாற்றித் தருகிறோம் என்று சொல்லியிருந்தால் புகார் போயிருக்காது என்பது எங்கள் கணிப்பு. கன அளவுப் பிழை அப்போதும் கூரையில் இருந்திருக்கும். வீட்டை விற்கும் நாளிலோ கடனை மாற்றும் நாளிலோ வெளியே வந்திருக்கும்.

நவம்பரில் அமலாக்க அதிகாரி வந்து அளந்தார். பின்னாலேயே அதே 1990 சட்டத்தின் 171சி பிரிவின்படி விவரம் கேட்கும் அறிவிப்பு வந்தது. பதிலுக்கு 21 நாள். பதில் தராமல் விடுவது குற்றம். குடும்பம் இரண்டு நல்ல முடிவுகளை உடனே எடுத்தது: வெளி வேலையை நிறுத்தினார்கள், கேள்விகளுக்கு நேரான பதில் கொடுத்தார்கள். ‘சீக்கிரம் முடித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற பில்டரின் யோசனையை ஏற்கவில்லை. அது முன்பு ஓரளவுக்கு உண்மை. கட்டி முடித்து நான்கு ஆண்டு கடந்தால் அமலாக்கம் தொட முடியாது. 2024 ஏப்ரல் 25-க்குப் பிறகு முடிக்கும் வேலைக்கு அந்தக் காலம் பத்து ஆண்டு.

அளவுகள்

இந்தக் கூரையின் கணக்கு எளிது. எவரும் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். முன் இறவாரத்திலிருந்து பின் இறவாரம் வரை 8 மீட்டர். இறவார மட்டத்திலிருந்து முகடு 3 மீட்டர் உயரம். பக்கச் சரிவு உள்ளே ஓடும் தூரம் 4 மீட்டர். வீட்டின் அகலம் 6 மீட்டர்.

பக்கச் சரிவை முக்கோணச் சுவராக மாற்றும்போது கூடும் கன அளவு, முதல் மூன்று அளவுகளையும் பெருக்கி ஆறால் வகுத்தால் வருவது. 8 × 3 × 4 ÷ 6 = 16 கன மீட்டர். வகுப்பது ஆறால்தான், இரண்டால் அல்ல. சரிவுக்குக் கீழே ஏற்கெனவே இருந்த இடத்தைக் கழித்துவிட்டுக் கூடுதலை மட்டும் எடுக்கிறோம்.

டார்மர் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு முக்கோணம். அதன் முகம் இறவாரத்திலிருந்து சரிவில் 0.2 மீட்டர் மேலே தொடங்கியது. இந்த நிபந்தனை சரியாகவே கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. தட்டைக் கூரையின் மேற்பரப்பு முகட்டுக்கு 0.1 மீட்டர் கீழே. ஆகவே முகத்தின் உயரம் 2.78 மீட்டர், முகத்திலிருந்து பின்னால் சரிவைத் தொடும் ஆழம் 3.71 மீட்டர். முக்கோணப் பரப்பு 5.15 சதுர மீட்டர். அகலம் 5.7 மீட்டர். பெருக்கினால் 29.4 கன மீட்டர்.

இரண்டும் சேர்த்து 45.4. செமி என்றால் தாராளமாக உள்ளே. டெரஸ் என்பதால் 5.4 கன மீட்டர் அதிகம்.

குடும்பத்துக்கு விளங்க நேரம் எடுத்தது இதுதான்: 5.4 கன மீட்டர் மட்டும் சட்டவிரோதம் என்று ஆகாது. வரம்பைத் தாண்டிய வேலை பி.டி.க்கு வெளியே போய்விடுகிறது. முழு வேலையும் அனுமதியில்லாத வேலை ஆகிறது. முக்கோணச் சுவரும் அதில் சேரும். இதோடு சாம்பல் பலகையும் பக்க ஜன்னலும் நிபந்தனை மீறல்கள். முன் சரிவின் இரண்டு கூரை ஜன்னல்கள் மட்டும் சி பிரிவின்படி, சரிவிலிருந்து 150 மி.மீ.க்கு மேல் எழாததால், பிரச்சினை இல்லாமல் இருந்தன.

எடுக்கக்கூடிய வழிகள்

டிசம்பரில் குடும்பம் திட்டமிடல் ஆலோசகர் ஒருவரையும் புதிய வரைபடக்காரரையும் அமர்த்தியது. மூன்று வழிகள் மேசையில் இருந்தன.

கட்டியதை அப்படியே வைத்துக்கொண்டு பின்னோக்கிய அனுமதி கேட்பது முதல் வழி. இதற்கு நல்ல வாதம் உண்டு. 40 கன மீட்டர் வரை யாரும் தடுக்க முடியாது. அதற்கு மேல் உள்ளது பின்பக்கம், தெருவில் தெரியாது. ஆனால் உள்ளூர் வடிவமைப்பு வழிகாட்டி, டார்மர் இருபுறமும் உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்றது. இங்கே டார்மர் கிட்டத்தட்ட வீட்டின் முழு அகலத்துக்கும் ஓடுகிறது. அந்த வரிசையில் வேறு எந்த வீட்டிலும் டார்மர் இல்லை. மறுத்தால் அமலாக்க அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும்போது ‘அனுமதியே தந்துவிடுங்கள்’ என்று கேட்கும் வாசல், ஏற்கெனவே பின்னோக்கி விண்ணப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். சட்டம் ஒரு முறைதான் கேட்க விடுகிறது.

இரண்டாவது வழி, அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்து மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்வது. அந்த வாசல் திறந்திருக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். முடியாத மாடிக்கு வட்டி கட்டிக்கொண்டு ஐந்து பேர் கீழே நெருக்கி வாழ வேண்டும்.

மூன்றாவது வழி, டார்மரைக் குறைத்து, 40-க்குள் அடங்கும் வடிவத்துக்கு அனுமதி கேட்பது. ஏன் அனுமதி, குறைத்துவிட்டு எல்.டி.சி. வாங்கினால் போதாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. பி.டி. உரிமை, தொடக்கத்திலேயே வரம்புக்குள் செய்த வேலைக்குத்தான். மீறிக் கட்டிவிட்டுப் பிறகு வெட்டிக் குறைப்பதால் பழைய வேலை பின்னோக்கிப் பி.டி. ஆகிவிடாது. பல கவுன்சில்கள் அதோடு கோப்பை மூடிவிடும். ஆனால் கையில் காகிதம் எதுவும் இருக்காது. இந்தக் குடும்பத்துக்குக் காகிதம் தேவைப்பட்டது, ஏனென்றால் வேலை முடிந்ததும் வீட்டுக் கடனை மாற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவதையே எடுத்தார்கள். காலமும் பணமும் தாங்கக்கூடிய குடும்பம் என்றால் முதல் வழியை முயல்வது பிழையென்று சொல்ல மாட்டோம். இங்கே நிச்சயம்தான் முக்கியமாக இருந்தது.

எங்கே வெட்டுவது

பக்கச் சரிவைத் திரும்பக் கட்டினால் 16 கன மீட்டர் மிச்சம், ஆனால் படிக்கட்டு போய்விடும். தட்டைக் கூரையைத் தாழ்த்த முடியாது. உள்ளே தலை உயரம் ஏற்கெனவே 2.2 மீட்டர்தான். முகத்தை 0.36 மீட்டர் பின்னால் தள்ளினால் கணக்கு சரியாகும், ஆனால் முகத்தின் பாரம் இப்போது பின் சுவரின் அருகே இறங்குகிறது. தள்ளினால் தரையில் புதிய பீம் வேண்டும். அகலத்தைக் குறைப்பதுதான் மிச்சம். ஷவர் அறையும் படிக்கட்டும் முக்கோணச் சுவரின் பக்கம் இருந்ததால், அடுத்த வீட்டோடு ஒட்டிய பக்கத்தில், படுக்கையறையிலிருந்துதான் எடுக்க முடியும்.

16 போக டார்மருக்கு 24 கன மீட்டர். 5.15-ஆல் வகுத்தால் அகலம் 4.65 மீட்டர். முதல் திருத்த வரைபடம் அதே 4.65-ஐப் போட்டு 2025 பிப்ரவரியில் போனது. கட்டணம் 258 பவுண்டு. ஏப்ரலில் போயிருந்தால் 528.

கவுன்சில் அதிகாரி அதைத் திருப்பினார். வரைபடத்தில் 4.65 என்றது கன்னச் சுவரின் மரச்சட்டத்தின் வெளி முகம் வரை. ஆணையில் கன அளவு என்பது வெளிப்புறமாக அளப்பது. சட்டத்துக்கு மேல் பிளைவுட், சவ்வு, நெடுக்கு ரீப்பர், குறுக்கு ரீப்பர், அதன் மேல் தொங்கும் ஓடு: ஒரு பக்கத்துக்குச் சுமார் 80 மி.மீ. இரு பக்கமும் சேர்த்தால் உண்மையான அகலம் 4.81 மீட்டர், டார்மர் 24.8, மொத்தம் 40.8. அதே பழைய பிழையின் சின்ன வடிவம். தட்டைக் கூரையிலும் இது நடக்கும்: காப்புப் பலகை மரப் பலகைக்கு மேல் வரும் கூரையில் 150 மி.மீ. வரை உயரம் கூடும். அதைச் சேர்க்காமல் மரம் வரை அளந்தவர்கள் முகட்டைத் தாண்டிவிட்டுத் திகைப்பதுண்டு.

திருத்திய வரைபடம் ஓட்டிலிருந்து ஓடு வரை 4.50 மீட்டர் என்று போட்டது. டார்மர் 23.2, மொத்தம் 39.2. கணக்கில் 0.8 கன மீட்டர் இடைவெளி விட்டது வேண்டுமென்றே. தளத்தில் 50 மி.மீ. பிசகுவது சாதாரணம், இந்த முக்கோணத்தில் 50 மி.மீ. அகலம் என்பது கால் கன மீட்டர்.

ஏப்ரல் கடைசியில் அனுமதி கிடைத்தது. மாற்றங்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், மூல ஓட்டுக்கு ஒத்த களிமண் ஓடு வேண்டும், பக்க ஜன்னல் விதிப்படி இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள்.

வெட்டிய வேலை

ஜூலையில் சாரம் கட்டி, மேலே தற்காலிகக் கூரை போட்ட பிறகே திறந்தார்கள். முந்தைய பில்டர் அல்ல, வேறு ஆள். 1.2 மீட்டர் எடுக்க, 400 மி.மீ. இடைவெளியில் நின்ற மூன்று தட்டைக் கூரை மரங்கள் போயின. முகட்டு ஸ்டீல் பீமைத் தொடவில்லை. அந்த இடத்தில் 47-க்கு 150 மி.மீ. கைமரங்களைப் பழைய சரிவுக்குச் சமமாகத் திரும்ப வைத்தார்கள்.

புதிய கன்னச் சுவர் தரை மரங்களுக்கு இணையாக ஓடுகிறது, முன்பு பொதுச் சுவரை ஒட்டி நின்ற பாரம் இப்போது அறையின் நடுவே வருகிறது. சாம்பல் பலகைக்குப் பதில் வரும் களிமண் ஓடு சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல். பொறியாளர் கணக்குப் பார்த்து, சுவருக்குக் கீழே 47-க்கு 195 தரை மரத்தை இரட்டையாக்கச் சொன்னார். முடிந்துபோன தரையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. குடும்பத்தை மிகவும் வருத்திய நாள் அது. மகள் தனக்கென்று தேர்ந்தெடுத்த தரைப் பலகை.

ஓடு தேடுவது தனி வேலையானது. பக்கச் சரிவிலிருந்து இறக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்ல ஓடுகளை முந்தைய பில்டர் குப்பைத் தொட்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவற்றை வைத்திருந்தால் இந்த வேலைக்குப் பெரும்பாலான ஓடுகளை வாங்கியிருக்க வேண்டாம். சாதாரணக் களிமண் ஓடு 265-க்கு 165 மி.மீ. கூரையில் 100 மி.மீ. இடைவெளியில் போட்டால் சதுர மீட்டருக்கு 60. சுவரில் 115 மி.மீ. இடைவெளியில் தொங்கவிட்டால் 53. முகமும் இரண்டு கன்னங்களும், ஜன்னலைக் கழித்து, சுமார் 19.6 சதுர மீட்டர். மீட்ட சரிவு 5.6. சேதாரம் சேர்த்து 1,450 ஓடு, பழைய கட்டடங்களிலிருந்து மீட்டவை, இரண்டு வெவ்வேறு வியாபாரிகளிடம் வாங்கினார்கள். இரண்டு தொகுதியையும் தரையிலேயே கலந்துவிட்டு மேலே ஏற்றியதால் நிறம் திட்டுத் திட்டாக விழவில்லை.

கன்னமும் சரிவும் சேரும் கோட்டில் 1.8 மி.மீ. ஈயத் தகடு. ஒவ்வொரு துண்டும் 1.5 மீட்டருக்கு மிகாமல். நீளமாக ஒரே துண்டில் போட்டால் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கிச் சில ஆண்டுகளில் கிழியும். லாஃப்ட் ஒழுகல்களில் பெரும்பங்கு இந்தக் கோட்டில்தான். டார்மர் நகர்ந்ததில் ஒரு நன்மையும் கிடைத்தது. எல்லையிலிருந்து 1 மீட்டருக்குள் இருக்கும் சுவருக்குத் தீ விதிகள் கடுமையானவை. பழைய கன்னம் 0.15 மீட்டரில் நின்றது, புதியது 1.35-இல் நிற்கிறது.

பக்க ஜன்னலை முழுதாக மாற்றினார்கள். கண்ணாடியின் மங்கலைக் குறிக்கும் பில்கிங்டன் அளவுகோலில் 3-ஆம் நிலைக்குக் குறையாத மங்கல் கண்ணாடி. கீழே நிலையானது, மேலே சிறு திறப்பு. படிக்கட்டுக்கு மேலே ஜன்னல் இருந்தால் 1.7 மீட்டரை ஜன்னலின் நடுப்பகுதிக்கு நேர் கீழே உள்ள படியிலிருந்து அளக்க வேண்டும், மேல்தளத்திலிருந்து அல்ல.

விளைவு

செப்டம்பரில் அதிகாரி வந்து அளந்து கோப்பை மூடினார். பில்டிங் கண்ட்ரோல் இறுதிச் சான்றிதழ் அடுத்த மாதம் வந்தது. கடன் மாற்றும்போது வழக்கறிஞர் கேட்ட முதல் இரண்டு தாள்கள் இவையே: திட்ட அனுமதி, இறுதிச் சான்றிதழ். படுக்கையறை 1.2 மீட்டர் சுருங்கியது. அந்தப் பகுதி சரிவுக்குக் கீழே தாழ்ந்த அலமாரியானது. வெட்டவும் மாற்றவும் ஆன செலவு சுமார் 16,000 பவுண்டு. வரைபடக்காரரிடமிருந்து சிறு தொகை திரும்பியது. பில்டரிடமிருந்து ஒன்றுமில்லை, ஒப்பந்தத்தில் திட்டமிடல் பொறுப்பு யாருடையது என்று எழுதியிருக்கவில்லை. மூதாட்டி ஜன்னலைப் பார்த்துவிட்டு, மாமியாருக்குத் தோட்டத்து ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார்.

மாற்ற வேண்டியவை

வரைபடம் வரையும் முன் வீட்டின் வகையை ஒருவர் தீர்மானிக்க வேண்டும், அதுவும் தெருவிலிருந்து பார்த்து அல்ல. இந்த வீட்டின் எரிசக்திச் சான்றிதழில் ‘எண்ட்-டெரஸ்’ (டெரஸ் வரிசையின் முனை வீடு) என்று முன்பே அச்சாகியிருந்தது. அது சட்டத் தீர்ப்பு அல்ல. ஆனால் வரைபடத்தில் ‘செமி’ என்று வந்தபோது யாராவது ஒருவர் நின்று கேட்டிருக்க அதுவே போதும்.

கன அளவுக் கணக்கு வரைபடத்திலேயே, ஓட்டின் வெளிமுகம் வரை அளந்து, பெருக்கல் தெரியும்படி இருக்க வேண்டும். ‘50-க்குள்’ என்ற ஒரு வரி கணக்கு ஆகாது. எல்.டி.சி. கைக்கு வரும்வரை கூரை ஓட்டைத் தொடக் கூடாது. பொதுச் சுவர் அறிவிப்புக்கு எப்படியும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், எட்டு வாரச் சான்றிதழ் அதற்குள்ளேயே வந்துவிடும், ஒரு நாளும் வீணாகாது. சான்றிதழ் வாங்கித் தருவது யார், பெற முடியாவிட்டால் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். இறக்கும் ஓடுகளைத் தோட்டத்தில் அடுக்கிவைக்கச் சொல்லுங்கள்.

இந்த வீட்டின் கூரையில் பி பிரிவின் கீழ் இனி மிச்சமிருப்பது 0.8 கன மீட்டர். நாளை இதை வாங்கப்போகிறவர்களுக்கும் அவ்வளவுதான்.